ஒரு காலுக்கு மட்டும் குளிர்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்கு மரியாதை.

என் இடது கால் இரண்டு வருடமாகக் குளிர்ந்துகொண்டிருந்தது. வலது காலுக்கு ஒன்றுமில்லை. ஒரே ஆள், ஒரே போர்வை, ஒரே கொட்டகலைக் குளிர். ஆனால் இடது காலுக்கு மட்டும் மார்கழி மாதம். புத்தியுள்ளவன் டாக்டரிடம் போயிருப்பான். நான் இடது காலுக்கு மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு காலுறை, எங்கள் பேச்சில் மேஸ், மாட்டிக்கொண்டேன். சப்பாத்து நுழையவில்லை. இடது பக்கத்துக்கு மட்டும் ஓர் அளவு பெரிதாகக் கிடைக்குமா என்று பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கும் ரஸீன் நானாவிடம் போய்க் கேட்டேன்.

"ஜோடியாத்தான் விப்போம் கணக்கப்புள்ள," என்றார் நானா. "மத்தக் காலுக்கு நீங்கதான் ஆளைத் தேடிக்கிட்டு வரணும்."

குளிருக்கு என்னிடம் காரணமும் தயாராக இருந்தது. என் கட்டிலுக்கு இடது பக்கம் ஜன்னல். அதன் வழியாக வரும் பனிக்காற்று இடது காலைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். இந்த மலையில் பிறந்தவனுக்குக் குளிர் ஒரு வியாதியா? ஜன்னல் இடுக்கில் சாக்கை அடைத்தேன். சரிவரவில்லை. கட்டிலையே திருப்பிப் போட்டேன். இப்போது ஜன்னல் வலது பக்கம். வலது கால் சுகமாக இருந்தது. இடது கால் குளிர்ந்தது. அப்போதாவது புத்தி வந்திருக்கலாம். நான் என் மனைவி பாக்கியத்தைக் கூப்பிட்டு, "வீடு முழுக்கக் காத்து சுத்துது," என்று விளக்கம் சொன்னேன்.

நான் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பின்னால் மலைமலையாக ஏறி இறங்கிச் சத்தம் போடுவது என் உத்தியோகம். அதனால் எனக்கு ஒரு தலைக்கனம்: நடக்கவேண்டிய நடையை எல்லாம் நான் முன்கூட்டியே நடந்து முடித்துவிட்டேன். இனி உட்காரவேண்டியதுதான் பாக்கி.

இப்போது கொட்டகலையில் விடிந்ததும் ஒரு கூட்டம் நடக்கிறது. எல்லாரும் நாற்பது, ஐம்பதைத் தாண்டியவர்கள். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பப்பட்டவர்கள். கம்பளித் தொப்பி, ஜேர்சி, பேரப்பிள்ளை கழித்துப்போட்ட சப்பாத்து. கையை வீசிக்கொண்டு, எங்கும் போகாமல், போய்த் திரும்பி வருவார்கள். மலையகத்தானுக்கு இது புதிது. எங்களுக்கு நடை என்றால் ஒரு வேலை முடியவேண்டும். கொழுந்தோ விறகோ பள்ளிக்கூடமோ ஒன்று அந்தப் பக்கம் இருக்கவேண்டும். நான் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து அவர்களை நையாண்டி செய்வேன். ரஸீன் நானாவும் விடிகாலை சுபஹ் தொழுதுவிட்டு அந்தக் கூட்டத்தோடு நடப்பவர்தான்.

"எதைத் தொலைச்சிட்டுத் தேடுறீங்க நானா?"

"வயித்தத்தான். நீங்களும் வாங்களேன், உங்களுக்கும் சீனிதானே?"

"நான் நடந்ததைக் கூட்டிப் பார்த்தா கதிர்காமத்துக்குப் பல தடவை போய் வந்திருப்பேன் நானா. முருகனே போதும்னு சொல்லிட்டாரு."

சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காக நான் எதையும் சொல்வேன். ஆனால் உண்மை வேறு. எனக்கு நடக்க முடியவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் இடது கெண்டைக்காலில் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு முறுக்கு வரும். நின்றால் போய்விடும். மறுபடி நடந்தால், மறுபடி அதே தூரத்தில் வரும். கணக்கப்பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நிற்பதா? ஊர் என்ன சொல்லும்? ஆகவே நான் நிற்கும் இடத்திலெல்லாம் பேச ஆரம்பித்தேன்.

பேக்கரிக்கு முன்னால் வலிக்கிறதா, பேக்கரிக்காரரிடம் மாவு விலை. நானா கடை மேட்டில் வலிக்கிறதா, நானாவிடம் அரசியல். பஸ் நிற்கும் இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் அகப்படுவார். வலி போகும்வரை பேச்சு, போனதும் "சரி, வர்றேன்". ஊரில் எனக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. ஐயா எவ்வளவு பாசமாக நின்று விசாரிக்கிறார் என்றார்கள். சில நாள் வலி நீளும், விஷயம் தீர்ந்துபோகும். மின்சாரச் சாமான் கடைக்காரரிடம் ஒரு நாள், "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "ஐயா, நீங்கதானே பாடைக்கு முன்னால தப்பு மேளத்தோட போனீங்க?" என்றார்.

இப்படியே ஓடியிருக்கும். கெடுத்தது ஒரு போத்தல்.

மழைக் காலம். இடது கால் ஐஸ்கட்டியாக இருந்தது. காலிச் சாராயப் போத்தல் ஒன்றில் கொதிநீரை ஊற்றி, துணி சுற்றி, கால்மாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். இது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். தூக்கத்தில் துணி விலகியிருக்கிறது. சூடு தெரிந்தால் யாரும் காலை இழுத்துக்கொள்வார்கள். சீனி வருத்தம் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். நான் கேட்டிருந்தேன், ஆனால் சிரிக்க வைக்க என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே கேட்டிருந்தேன். காலையில் பார்த்தால் சுண்டுவிரலில் கொப்புளம். வலியே இல்லை. "வலிக்காத புண்ணு நல்ல புண்ணு," என்று பாக்கியத்திடம் தீர்ப்புச் சொன்னேன்.

அது ஆறவில்லை. கொப்புளம் உடைந்து, ஈரமாகி, ஓரம் கறுக்கத் தொடங்கியது. கொழும்பில் வேலை செய்யும் மகள் கவிதா வீடியோவில் வந்து, "அப்பா, காலைக் காட்டுங்க," என்றாள். நான் வலது காலைக் காட்டினேன். "நல்லாத்தானே இருக்கு," என்றாள். அடுத்த முறையும் வலது கால். மூன்றாம் முறை பாக்கியம் போனைப் பிடுங்கி என் இடது காலுக்கு நேராகப் பிடித்தாள். அன்று மத்தியானமே நானாவின் வேனில் என்னை ஏற்றினார்கள்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இரத்தக் குழாய் பார்க்கும் கிளினிக்குக்கு முன்னால் நீண்ட வாங்கு. அதில் உட்கார்ந்திருந்த எல்லாரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு எங்கும் மனிதர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இங்கே முகத்துக்கு மதிப்பில்லை. கட்டுப் போட்ட கால், வீங்கிய கால், பாதி இருந்த கால். பாக்கியம் என் காலின் மேல் தன் சால்வையைப் போர்த்தினாள். குளிருக்கா, மறைக்கவா என்று நான் கேட்கவில்லை.

டாக்டர் சிங்களவர், இளம் ஆள். என் சிங்களம் துரை பங்களாவில் பழகியது, பாக்கியத்தின் சிங்களம் சந்தையில் பழகியது. இரண்டையும் அவர் பொறுத்துக்கொண்டார்.

"நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்குமா?" என்று கேட்டார்.

"இல்லை."

"நிற்காமல் எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?"

"எவ்வளவு வேணும்னாலும்."

பக்கத்தில் இருந்த பாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவரா? நிக்காமலா?" என்றாள், அவளுடைய சந்தைச் சிங்களத்தில் தமிழைக் கலந்து. "டாக்டர் ஐயா, இவரு வாய் சும்மா இருக்காது. பேக்கரிகிட்ட நின்னு பேசுவாரு. அப்புறம் நானா கடையில. அப்புறம் பஸ் நிக்கிற எடத்துல. அப்புறம் கோயில் வளைவுகிட்ட."

டாக்டர் ஒரு கடதாசியில் கோடு போட்டு அதில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். "பேக்கரியிலிருந்து நானா கடை, அங்கேயிருந்து பஸ் நிற்கும் இடம், இரண்டும் ஒரே தூரமா?"

பாக்கியம் யோசித்தாள். "கிட்டத்தட்ட ஒரே தூரந்தான். நானா கடை மட்டும் கொஞ்சம் கிட்ட. அது மேட்டுல..."

அவள் முடிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய இருதயப் படத்தைப் பார்த்தேன்.

"அது பேச்சு இல்லை அம்மா," என்றார் டாக்டர் மெதுவாக. "அதுதான் நோய்." வெளிநாடுகளில் இப்படிப்பட்டவர்கள் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சாமான் பார்ப்பதுபோல நடிப்பார்களாம். அந்த நோய்க்கே அப்படி ஒரு பட்டப்பெயர் உண்டாம். பேசுவதுபோல நடித்தவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. அவ்வளவு முட்டாள் நான்.

பிறகு படுக்கவைத்து, கையில் பிரஷர் பார்ப்பதுபோலக் கணுக்காலிலும் பட்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். கையிலும் காலிலும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். என் வலது கால் பரவாயில்லை. இடது காலில் பாதிகூட இல்லை. வயர் மாட்டிய சின்னக் குச்சியைப் பாதத்தில் வைத்தார்கள். இரத்தம் ஓடினால் அது பெட்டியில் உஸ் உஸ் என்று சத்தம் போடும். வலது பாதத்தில் போட்டது. இடது பாதத்தில் குச்சி இங்கேயும் அங்கேயும் தேடியது. பெட்டி பேசவில்லை.

எனக்குப் புரிந்ததை எங்கள் ஊர் வழியில் சொல்கிறேன். தோட்டத்தில் மேலே இருக்கும் ஊற்றிலிருந்து குழாய் வழியாக எங்கள் வரிசை வீடுகளான லயங்களுக்குத் தண்ணீர் வரும். குழாய்க்குள் பாசியும் மண்ணும் படிந்தால் மேல் லயத்துக்கு வந்துவிடும். கீழ் லயத்துப் பீலியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். என் தொடையில் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. பாதம்தான் கீழ் லயம். அங்கே சூடு வரவில்லை, அதனால் குளிர். நடக்கும்போது சதைக்கு இரத்தம் கூடுதலாக வேண்டும், கிடைக்கவில்லை, அதனால் வலி. புண் ஆறவும் இரத்தம்தான் வேண்டும். அடைத்தது சீனி, கூடவே நான் வாங்கில் உட்கார்ந்து ஊதிய சிகரெட்.

"விரலை எடுத்தாக வேண்டும்," என்றார் டாக்டர். "ஆனால் குழாயைத் திறக்க முடிகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். திறக்க முடியாவிட்டால் விரலை எடுத்த புண்ணும் ஆறாது. அப்போது..." உள்ளங்கையின் ஓரத்தை என் முழங்காலுக்குக் கீழே லேசாக வைத்தார். அழுத்தக்கூட இல்லை. அவர் எடுத்த பிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது.

"கவ்வாத்து," என்றேன் பாக்கியத்திடம். தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிடுவோமே, அது. "வெட்டினா நல்லாத் தளிர்க்கும்."

அவள் சிரிக்கவில்லை. வாட்டில் படுக்கை கிடைத்தது. படுக்கை விரிப்பை உதறிப் போட்டு, என் தலையணையைத் தட்டிவிட்டு, அப்புறம்தான் சொன்னாள். அவள் இருபது வருடத்துக்கு மேல் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்தவள். தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுப்போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள்.

"பேசத் தெரியாத புள்ளைங்களுக்கு எங்க வலிக்குதுன்னு மொகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன். பேசிப் பேசியே மறைச்ச ஆளுக்குச் சொல்லத் தெரியலையே எனக்கு. ஊரெல்லாம் நின்னு பேசினீங்க. எங்கிட்ட ஒரு நாள் நின்னீங்களா?"

வீட்டில் நான் உட்கார்ந்தே இருந்தேன், உட்கார்ந்தால் வலிக்காது, அதனால் பேசத் தேவையிருக்கவில்லை.

என் பக்கத்துக் கட்டிலில் சோமபால என்ற லொறிச் சாரதி. என்னைவிட மூத்தவர். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். அவர் அண்ணன், நான் தம்பி என்று முதல் நாளே முறை வைத்துக்கொண்டோம். என் பழைய நையாண்டிகளையெல்லாம் சிங்களத்தில் மாற்றி அவரிடம் விற்றேன், நல்ல வாடிக்கையாளர். ஒரு பின்னேரம், ஜன்னலுக்கு வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவர் என்னைப் பார்த்து, "தம்பி, அந்தக் கம்பளியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடு. கால் குளிருது," என்றார்.

இழுத்து அவருடைய வலது காலை மூடினேன்.

"அது இல்லை," என்றார். "மற்றது."

மற்றது இருக்கவேண்டிய இடத்தில் விரிப்பு தட்டையாகக் கிடந்தது. நான் கம்பளியை எடுத்து அந்த வெறும் இடத்தின் மேல் போர்த்தி, ஓரத்தைச் செருகிவிட்டேன். "இப்போ சரி," என்று கண்ணை மூடிக்கொண்டார். கால் போன பிறகும் நரம்புகளுக்கு அது தெரிய நாளாகும் என்று மிஸ்ஸி, எங்கள் வாட்டுத் தாதி, பிறகு விளக்கினார். வெட்டிவிட்டால் குளிராவது நிற்கும் என்று அதுவரை ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரசாங்க ஆஸ்பத்திரி, அதனால் பில் என்று பெரிதாக இல்லை. ஒரு ஸ்கேனை மட்டும் வெளியே எடுக்கச் சொன்னார்கள். எவ்வளவு என்று கவிதா கடைசிவரை சொல்லவில்லை. "கேக்காதீங்கப்பா, கேட்டா பிரஷர் ஏறும்," என்றாள். பாக்கியத்தால் இரவில் வாட்டில் தங்க முடியாது. பிள்ளை மடுவத்தில் அவள் தொட்டில் ஆட்டிய சுகந்தி என்ற பிள்ளை கல்யாணம் முடித்து அந்த நகரத்தில் ஒரே அறை வீட்டில் இருந்தாள். அவளும் புருஷனும் கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார்களாம். காலையில் பாக்கியம் வரும்போது பிளாஸ்கில் சுகந்தி வைத்த ரசம் வரும்.

குழாய் திறக்கும் நாளில் என்னை ஒரு குளிரான அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். மயக்கம் கிடையாது. தொடை இடுக்கில் மரக்க ஊசி போட்டு, மெல்லிய வயரை உள்ளே விட்டு, படத்தில் தெரிவதற்காக ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். "சூடாக இருக்கும், பயப்படாதீர்கள்," என்றார் டாக்டர். பயமா? தொடையிலிருந்து கீழே சூடு இறங்கியது. மழையில் நனைந்து வந்தவன் அடுப்பங்கரையில் கால் நீட்டியதுபோல. இரண்டு வருடமாக மேஸும் சாக்கும் போத்தலும் செய்யாததை அந்த மருந்து செய்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். நான் இல்லையென்று சொன்னதை இந்த முறை நம்பலாம்.

அடைப்புக்குள் ஊதாத பலூன் மாதிரி ஒன்றைக் கொண்டுபோய், அங்கே வைத்து ஊதி, வழியை அகலப்படுத்தினார்கள். இரண்டு இடத்தில் திறந்தது. ஒரு இடம் பிடிவாதம் பிடித்தது, அதை விட்டுவிட்டார்கள். வாட்டுக்கு வந்ததும் மிஸ்ஸி பாதத்தின் மேற்புறத்தை விரலால் தடவித் தேடி, ஓரிடத்தில் பேனையால் சின்னச் சிலுவை போட்டார். நாடி துடிக்கும் இடமாம். அவர் போனதும் பாக்கியம் அந்தச் சிலுவையில் விரலை வைத்தாள். எடுக்கவேயில்லை.

"இருக்கா?" என்றேன்.

"பேசாதீங்க. எண்ணிக்கிட்டு இருக்கேன்."

பிறகு சுண்டுவிரலை எடுத்தார்கள். கால் தங்கியது. இப்போதைக்கு என்றார் டாக்டர். அந்தச் சொல்லை அவர் அழுத்திச் சொன்னார்.

புண் காய்ந்து வந்ததும் நடை சொல்லிக்கொடுக்க ஒரு மிஸ் வந்தார். அவருக்குத் தமிழில் இரண்டு சொல் தெரியும்: நடங்க, நில்லுங்க. வாட்டுத் தாழ்வாரத்தில் என்னை நடத்தினார். நான் முதல் ஜன்னலைத் தாண்டியதும் சுவரோரம் நின்றிருந்த ஒரு நோயாளியிடம், "அண்ணனுக்கு எந்த ஊரு?" என்று ஆரம்பித்தேன். பழக்கம்.

"வலிக்கிறதா?" என்றார் மிஸ் சிங்களத்தில்.

"இல்லை மிஸ், சும்மா..."

"பொய்!" என்று பின்னாலிருந்து பாக்கியம் தமிழில் கத்தினாள். மிஸ் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து அவருக்குத் தமிழில் மூன்று சொல்.

அவர் சொன்ன வைத்தியம்தான் என்னை வெட்கப்படுத்தியது. நடக்கவேண்டும். வலி வந்த உடனே நிற்கக்கூடாது, கொஞ்சம் தாங்கிக்கொண்டு நடக்கவேண்டும். பலமாக வலித்தால் நின்று, முழுதாகப் போனபிறகு மறுபடி நடக்கவேண்டும். அப்படியே மறுபடியும், மறுபடியும், அநேகமாக எல்லா நாளும். பெரிய குழாய் முழுதாகத் திறக்காவிட்டாலும், இப்படி நடந்தால் சதை கிடைக்கும் இரத்தத்தை வைத்துச் சமாளிக்கப் பழகும். சின்னக் கிளைக் குழாய்களும் உதவிக்கு வரும் என்றார். மண் சரிந்து ரோட்டை அடைத்துவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? தேயிலைக்குள் புகுந்து நடப்போம். நாலு பேர் நடந்தால் அது பாதை. என் காலுக்குள்ளும் அப்படி ஒரு குறுக்குப் பாதை விழவேண்டும். நான் நின்று பேசிய அந்த இரண்டு வருடத்தையும் நடந்திருந்தால் அது தானாகவே விழுந்திருக்கலாம்.

வீட்டுக்கு வருவதற்குள் நான் நின்று பேசிய காரணம் பஜார் முழுக்கப் பரவியிருந்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள் என்று சொல்லமுடியாது. பேக்கரிக்காரருக்கு மனத்தாங்கல். மின்சாரச் சாமான் கடைக்காரர், "அதான் பார்த்தேன்," என்று மட்டும் சொன்னார். நானாதான் வாய்விட்டுக் கேட்டார்.

"எங்க கடைக்கு முன்னாலதான் மத்த எல்லா எடத்தவிடக் கூடுதலா நிப்பீங்க. பாசம்னு நெனச்சேன் கணக்கப்புள்ள. மேடா?"

"பாசமும் இருந்திச்சு நானா."

"எவ்வளவு?"

"முக்காவாசி மேடு."

அவர் சிரித்துவிட்டு உள்ளே போய், முன்பக்கம் அகலமான, விரலில் உரசாத சப்பாத்து ஒரு ஜோடி கொண்டுவந்து காலில் தானே மாட்டிவிட்டார். இரண்டும் ஒரே அளவு.

ரோட்டோரத் தேயிலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்கும் தெரிந்துவிட்டது. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் பேர் என்போம். சொன்ன எடைக்குப் பறிக்காதவர்களுக்கு அரைப்பேர்தான். அந்த அரைப்பேரை இரக்கமில்லாமல் போட்ட கை என்னுடையது. நான் பாதி வழியில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னா கணக்கப்புள்ள ஐயா, அதுக்குள்ள நின்னுட்டீங்க? அரைப்பேருதான் போடுவோம்!"

மலை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நின்றிருந்தவனுக்குப் பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷம் வேறு.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது மிஸ் பாக்கியத்திடம் சிங்களத்தில் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்: "இவர் வாயை நம்பாதீங்க. முகத்தைப் பாருங்க." அதில்தான் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் ஆட்கள் சேர்ந்து நடப்பதில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாதை ஓர் ஆள் அகலம்தான். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். அந்தப் பழக்கம் காலில் ஊறி, பஸ் ஓடும் அகலமான ரோட்டுக்கு வந்தாலும் நாங்கள் வரிசையாகத்தான் போவோம். கோயிலுக்கா, கல்யாணத்துக்கா, புருஷன் முன்னால், பொண்டாட்டி பின்னால், கடைசியில் பிள்ளைகள். மணவறையைச் சுற்றும்போதும் நான்தான் முன்னால். அப்போது ஆரம்பித்தது. பாக்கியம் என் முதுகை நன்றாக அறிவாள். முதுகில் வலி எழுதியிருக்காது.

ஆகவே இப்போது பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறோம். முதல் நாள் இரண்டு பேருக்கும் வெட்கம். தோள் இடித்தது, வேகம் ஒத்துவரவில்லை, பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தே எங்களை வரிசையாக்கப் பார்த்தான். நானா கடை வாசலிலிருந்து, "புது மாப்பிள்ளை!" என்று கூப்பிட்டார். பாக்கியம் யாரையும் பார்க்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே, "வலிக்குது, நில்லுங்க," என்பாள். சில நாளில் நானே சொல்லப் பழகினேன். அறுபதைத் தாண்டிய மனிதன் நடுரோட்டில் நின்று, யாரிடமும் எதையும் விசாரிக்காமல், "வலிக்குது" என்று ஒரே ஒரு சொல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். காலில் பலூன் விட்டதைவிடக் கஷ்டம். இப்போது பேக்கரியைத் தாண்டி நானா கடைவரை ஒரே மூச்சில் வந்துவிடுகிறேன். மேடு உட்பட. கிளினிக்கில் மறுபடி பட்டியைச் சுற்றிப் பார்த்த டாக்டர் தலையை ஆட்டினார். நன்றாக ஆட்டினார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். தினமும் பாதத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், சிகரெட்டை நினைத்தும் பார்க்கக்கூடாது என்றிருக்கிறார். உங்களுக்கு நான் சொல்வது இதைவிடச் சின்னது: ஒரு கால் மட்டும் குளிர்ந்தால் கட்டிலைத் திருப்பிப் போடாதீர்கள்.

போன வாரம் ஸ்டேஷன் பக்கத்து இறக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். பனி கலைந்து வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. கால் வலிக்கவில்லை. பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் பாக்கியத்தைப் பார்த்தேன். இறக்கத்தில் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அவள் கீழ் உதட்டைப் பல்லால் அழுத்தினாள். ரோடு சமமாக வந்த இடத்தில் விட்டாள். மறுபடி இறக்கம், மறுபடி உதடு. பக்கத்தில் நடந்தால் இரண்டு பக்கமும் தெரியும் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

நான் நின்றேன். அவளும் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"எனக்கு இல்ல. உனக்கு. முட்டியா?"

அவள் சால்வையைச் சரிசெய்துகொண்டாள்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"நீங்க முன்னால நடந்த நாளெல்லாம்."